சும்மா

சென்ற மாசியில் ஒரு பிற்பகல். ஆவுடையார்கோவிலிலிருந்து மீமிசல் போகும் சாதாரணப் பேருந்தில் இரண்டு பெண்கள் ஏறினார்கள். அறுபதை ஒட்டிய வயது. கையில் கூடையோ பையோ எதுவும் இல்லை. கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக்கொண்டே நடத்துநர் கேட்டார்:

“எங்கத்தா போறீக?”

“மீமிசலுக்குப்பா.”

“என்ன சோலி?”

“சோலியெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா கடலப் பாத்துட்டு வரலாம்னு.”

பின்னிருக்கையில் இருந்த ஒருவர், “காசில்லாம ஏத்துனா சும்மாதான் சுத்துவாளுக” என்றார். அந்தப் பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்கள். பேருந்தில் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் உட்பட.

‘சும்மா’ என்ற சொல்லைத் தமிழ் ஆணுக்கு ஒரு பொருளிலும் பெண்ணுக்கு வேறு பொருளிலும் கொடுத்திருக்கிறது. சித்தர் மரபில் சும்மா இருப்பது ஞானம். டீக்கடை பெஞ்சில் ஆண் சும்மா இருந்தால் அது ஓய்வு. ஆனால் விடிகாலை வாசல் தெளிப்பதிலிருந்து இரவு பாத்திரம் கழுவுவது வரை உழைப்பவளைப் பற்றிக் கேட்டால், “வீட்ல சும்மாதான் இருக்கா” என்பார்கள். உழைக்கும்போது சும்மா இருப்பதாகச் சொல்லப்படுகிற அவள், உண்மையிலேயே சும்மா ஓர் இடத்துக்குப் போனால் ‘என்ன சோலி?’ என்று கேட்கப்படுகிறாள்.

பெண்ணின் மகிழ்ச்சி ஒரு காரணத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வெளியே வர முடிகிறது. கோயில், கல்யாணம், பிள்ளைக்கு மருந்து, சுய உதவிக்குழுக் கூட்டம் என்று ஏதாவது ஒரு துணை வேண்டும். காரணம் இல்லாத மகிழ்ச்சிக்கு நம்மிடம் பழமொழியே தயாராக இருக்கிறது: ‘பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு.’

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையில் தொடங்கி உவகையில் முடிக்கிறது. உவகை பிறக்கும் இடங்களில் அறிவையும் விளையாட்டையும் சேர்த்தே சொல்கிறது. சங்கப் பாடல்களின் நெய்தல் மகளிர் கடற்கரையில் நண்டைத் துரத்தி விளையாடுகிறார்கள், ஓரை ஆடுகிறார்கள். ஆனால் அந்த விளையாட்டுக்கு முடிவு வைக்கவும் ஒரு துறை உண்டு, இற்செறிப்பு. வளர்ந்த பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திவிடுவது. நம் இலக்கியம் பெண்ணின் விளையாட்டையும் அறிந்திருக்கிறது, அதற்குப் போடப்பட்ட பூட்டையும் அறிந்திருக்கிறது.

அந்தப் பூட்டு பெரிய அளவில் திறந்தது இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான். 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தோடு மிதிவண்டியும் பெண்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், இளம் முஸ்லிம் பெண்கள் எனப் பலரும் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே ஓட்டினார்கள். கேலியும் ஆபாசப் பேச்சும் வந்தன, அவர்கள் நிறுத்தவில்லை. 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் வண்டியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். சில ஆண்டுகளில் கற்றுக்கொண்டவர்கள் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பயன்களை அடுக்குவார்கள். தண்ணீர்க் குடம் கொண்டுவர முடிந்தது, பொருளை நாலு ஊருக்கு எடுத்துப்போய் விற்க முடிந்தது, நேரம் மிச்சமானது. எல்லாம் உண்மை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் மட்டும் இந்தக் கணக்கைவிடப் பெண்கள் அடைந்த தன்மதிப்பே பெரிது என்று எழுதினார். நான் இன்னும் ஓர் அடி போக விரும்புகிறேன். தன்மதிப்பும்கூட ஒரு பயன்தான். சரிவில் வண்டி தானாக இறங்கும்போது, மிதிக்காமல் காலைத் தூக்கிக்கொண்டு, முந்தானை காற்றில் பறக்கப் போன அந்தக் கணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அதனால் குடும்பத்துக்கு ஒரு லாபமும் இல்லை. அது அவளுடையது. அவ்வளவுதான்.

வறுமையும் சாதியும் வன்முறையும் இருக்கும்போது மகிழ்ச்சியைப் பேசுவது ஆடம்பரம் இல்லையா? இந்தக் கேள்வியை நம் தோழிகளே கேட்கிறார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு. ‘சிரிச்ச முகமா இரு’ என்பது நமக்குச் சிறு வயதிலிருந்தே இடப்படும் கட்டளை. மாமியார் முன்னால், வாடிக்கையாளர் முன்னால், துறைத்தலைவர் முன்னால் அந்த முகத்தை நாம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். ‘எதையும் லேசா எடுத்துக்க’ என்பதும் பல நேரம் ‘வாயை மூடிக்கொள்’ என்பதன் இனிப்பான வடிவம்தான். நான் சொல்வது அந்தச் சிரித்த முகத்தை அல்ல. அது அடுத்தவருக்குச் செலுத்தும் வரி. பேருந்தில் கேட்ட சிரிப்பு யாருக்கும் எதையும் செலுத்தவில்லை. துன்பம் தீர்ந்த பிறகுதான் சிரிப்போம் என்று காத்திருந்தால், பெண்களில் பெரும்பாலோர் சிரிக்காமலே சாவார்கள். குவாரியில் கல் உடைத்தவள் உடைப்பதை விட்டுவிட்டு வண்டி ஏறவில்லை. உடைத்த கையால்தான் மணி அடித்தாள்.

மீமிசலில் அலை பெரிதாக இராது. பாக் நீரிணையின் ஆழமற்ற, அடங்கிய கடல். இராமேசுவரம் பக்கத்தில் இந்தக் கடலைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அடங்கியிருப்பதால் அந்தப் பெயர். அதன் கரையில் அன்று அந்த இருவரும் கணுக்கால் நீரில் நின்று, ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீரை அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள்.

மறுவாரம் வகுப்பில் மாணவிகளிடம், போன மாதம் சும்மா செய்த ஒரு காரியத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பலர் தையல் கற்றதையும் அம்மாவுக்கு உதவியதையும் எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும், வீட்டில் யாரும் இல்லாத நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டு போட்டு ஆடியதாக எழுதியிருந்தாள். கடைசி வரியில், ‘உடற்பயிற்சிக்காக’ என்று சேர்த்திருந்தாள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் நிலைமை அவளுக்குத் தெரியாது. அன்று மீமிசலுக்குப் புறப்படும்போது நான் வீட்டில் சொன்ன காரணம் ‘கள ஆய்வு’. அதை நான் இன்னும் அடிக்கவில்லை.