விலங்கின் உள்ளமும் மனிதனின் மனச்சாட்சியும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில், மகரிஷியின் சமாதியைத் தரிசித்துவிட்டுச் சற்று அப்பால் நடப்பவர்கள், மனிதர்க்கல்லாத சில சமாதிகளையும் அங்கே காண்பார்கள். ஒரு மான், ஒரு காகம், ஒரு நாய், அவற்றோடு லட்சுமி என்னும் பசு. 1926-ஆம் ஆண்டில் கன்றாக வந்து ஆசிரமத்தின் பிள்ளைகளில் ஒன்றாகவே ஆகிவிட்ட அந்தப் பசு, 1948 ஜூன் 18-ஆம் தேதி உயிர் நீத்தது. அன்று காலை பகவான் ரமணர் தொழுவத்துக்குச் சென்று, அதனருகே அமர்ந்து, ஒரு கையை அதன் தலையிலும் மற்றொரு கையை அதன் நெஞ்சிலும் வைத்து, 1922-இல் தம் தாயாரின் இறுதி வேளையில் எவ்வாறு இருந்தாரோ அவ்வாறே சிறிது நேரம் இருந்தார். பின்னர், அது முக்தியடைந்த நாளையும் நட்சத்திரத்தையும் குறித்துத் தமிழில் ஒரு செய்யுளும் இயற்றித் தந்தார். அது உபசாரமாகச் சொல்லப்பட்டதோ என்று ஐயுற்றுக் கேட்ட அன்பருக்கு, உண்மையையே சொன்னதாக உறுதி கூறினார்.

மானிடப் பிறவிக்கே உரியதென்று நாம் போற்றிவரும் வீடுபேற்றை நாற்கால் பிராணியொன்று எய்தக்கூடுமா என்னும் விசாரணையைச் சமய நூல் வல்லாரிடம் விட்டுவிடலாம். ஆனால் அதற்கு முன்னதாக எழுகின்ற மற்றொரு வினா நம் அனைவருக்கும் உரியது. பிராணிகளுக்கும் உள்ளம் என்று ஒன்று உண்டானால், அவ்வுள்ளம் அன்பையும் துக்கத்தையும் பகையையும் அறியுமானால், மனித சுபாவம் என்று நாம் தனியே பிரித்து வைத்துக்கொண்டிருப்பதுதான் எது?

விலங்குகள் உயிருள்ள யந்திரங்களே என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு தத்துவஞானி டெக்கார்ட் வகுத்த கொள்கை ஐரோப்பிய சிந்தனையை நெடுங்காலம் ஆட்சி செய்தது. நம் தமிழிலோ, உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை படிப்படியாக ஏற்றி நிறுத்திய தொல்காப்பியம், ஆறாவது அறிவாகிய மனத்தை மக்களுக்கு உரியதென்று சொல்லியும், அத்துடன் கதவை அடைத்துவிடாமல், விலங்கினத்திலும் ஒருசார் அவ்வறிவுடையன உண்டென்பதற்கு இடம் வைத்தது. சார்லஸ் டார்வின் 1871-இல் வெளியிட்ட மனிதனின் மரபு பற்றிய நூலில், மனிதனுக்கும் உயர்ந்த பிராணிகளுக்கும் இடையே மனத்தளவிலுள்ள பேதம் எத்தனை பெரிதாயினும் அது அளவைப் பற்றிய பேதமேயன்றி இனத்தைப் பற்றிய பேதமன்று என்று முடிவு கண்டார். அடுத்த ஆண்டு, மனிதரும் பிராணிகளும் மெய்ப்பாடுகளை வெளியிடும் விதத்தைக் குறித்துத் தனி நூலே எழுதினார். அதே 1872-இல்தான் வடலூரில் வள்ளலாரின் சத்திய ஞான சபை திறக்கப்பெற்றது. ஒரு ஜீவன் துன்புறுவதைக் கண்டு மற்றொரு ஜீவன் உருகுவது ஆன்ம உரிமையினால் என்று அவர் உபதேசித்து வந்த காலம் அது. ஒருவரையொருவர் அறியாத இரு பெரியார்கள், ஒருவர் ஆராய்ச்சியாலும் ஒருவர் கருணையாலும், ஏறத்தாழ ஒரே வாசலை வந்தடைந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது.

தத்துவத்தை விட்டுப் பிரத்தியட்சத்துக்கு வருவோம். ரமணர் விரூபாட்ச குகையில் வாசம் செய்த நாட்களில், கூட்டத்தின் தலைவனால் கடியுண்டு, செத்ததென்று விடப்பட்ட குரங்குக் குட்டி ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. கால் ஊனமாகிவிட்டபடியால் அதற்கு நொண்டி என்றே பெயராயிற்று. அவர் பராமரிப்பில் அது தேறியது. எல்லோருடனும் இலையில் அமர்ந்து, ஒரு பருக்கையும் வெளியே சிந்தாமல் உண்ணப் பழகியது. ஒருநாள் பால் சுடுகிறதே என்று அதை ஆற்றும் பொருட்டு ரமணர் கிண்ணத்தைத் தம் வாயருகே கொண்டுபோக, தன் பாலை அவர் குடித்துவிடுகிறார் என்று எண்ணிக் கோபங்கொண்ட அந்தக் குட்டி அவர் கண்ணுக்கு மேலே அடித்துவிட்டது, பெரிய காயமில்லை, மறுகணமே மடியில் ஏறிக் குழைந்து நின்றது. பின்னொரு நாள் சோறு சிந்தியதற்காக அவர் கடிந்துகொண்டபோது மீண்டும் அடித்தது. இம்முறை தண்டனையாகச் சில நாட்கள் மடியில் ஏறவிடவில்லை. அது விடவுமில்லை; கெஞ்சிக் கெஞ்சித் தன் இடத்தை மீட்டுக்கொண்ட பிறகே ஓய்ந்தது. பிற்காலத்தில் அதன் இனத்தார் வந்து அதை அழைத்துப் போயினர் என்றும், அதுவே அக்கூட்டத்துக்கு அரசனாயிற்று என்றும் ரமணரே சொல்லியிருக்கிறார். அவசரத்தில் கோபமும், கோபம் தணிந்ததும் பிழை உணர்ச்சியும், பிழை உணர்ந்ததும் இழந்த அன்பை மீட்கும் தவிப்பும் ஆகிய இவ்வளவும், எந்த வீட்டிலும் ஐந்து வயதுக் குழந்தையிடம் நாம் காண்பவையே.

துக்கமும் அவ்வாறே. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் கோம்பே வனத்தில் 1960-ஆம் ஆண்டு முதல் சிம்பன்சிக் குரங்குகளைப் பல்லாண்டுகள் அருகிருந்து கவனித்த ஜேன் குடால் அம்மையார், ஃப்ளோ என்று பெயரிட்டிருந்த முதிய தாய் 1972-இல் இறந்தபோது, எட்டு வயதைக் கடந்திருந்த அதன் மகன் ஃப்ளிண்ட் எவ்வாறு உணவு கொள்ளாமல் வாடியது, தாயுடன் சில நாட்களுக்கு முன் உறங்கிய கிளைப் படுக்கையை மரத்தில் ஏறி நின்று எவ்வாறு வெறித்துப் பார்த்தது என்பவற்றை எழுதி வைத்திருக்கிறார். ஒரு மாதம் கழியுமுன் தாய் இறந்த இடத்துக்கு அருகிலேயே அதுவும் இறந்துபோயிற்று. அமெரிக்காவில் 1964-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சங்கிலியை இழுத்தால் உணவு வரும், ஆனால் கண்ணெதிரே மற்றொரு குரங்கை மின்சாரம் தாக்கும் என்று அமைத்தபோது, பெரும்பாலான குரங்குகள் அச்சங்கிலியைத் தொடத் தயங்கின. ஒன்று ஐந்து நாட்களும் மற்றொன்று பன்னிரண்டு நாட்களும் சங்கிலியை இழுக்காமலே பசித்திருந்தன. அந்த வேதனையை முன்பு தானே அனுபவித்திருந்த குரங்கு மேலும் அதிகமாகத் தயங்கியது என்பதையும் கவனிக்க வேண்டும். இந்த உண்மையை அறிவதற்கு அத்தனை பிராணிகளைத் துடிக்கவைக்க வேண்டியிருந்ததே என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இவற்றையெல்லாம் கேட்டு, நற்குணங்கள் யாவும் வனத்தில் குடியிருக்கின்றன, தீமையை மனிதனே கொண்டுவந்தான் என்று முடிவு கட்டுவாரும் உண்டு. அதுவும் பிழையே. அதே கோம்பேயில் 1974 முதல் 1978 வரை, முன்பு ஒன்றாயிருந்து பிரிந்துபோன ஒரு சிறு கூட்டத்தின் ஆண் குரங்குகளை, ஒருகாலத்தில் அவற்றோடு உடனிருந்து மயிர் கோதி உறவாடிய குரங்குகளே ஒவ்வொன்றாகத் தனிமையில் மடக்கிக் கொன்றன. நம் ஸ்தல புராணங்கள் இதை அறியாதவை அல்ல. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின்மீது சருகு விழாதபடி சிலந்தி ஒன்று வலை பின்னி வைக்க, துதிக்கையில் நீர் கொணர்ந்து அபிஷேகம் செய்ய வந்த யானை அவ்வலையை அசுத்தமென்று நினைத்து அழித்தது. சினமுற்ற சிலந்தி துதிக்கையினுள் புகுந்து கடிக்க, இரண்டுமே மாண்டன. இருவரும் பக்தர்கள், பக்தியிலிருந்தே பகை பிறந்தது. அச்சிலந்தி கோச்செங்கட் சோழனாக மறுபிறவி எடுத்தது, அம்மன்னன் யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினான் என்பது ஐதிகம். மனிதப் பிறவி எய்தி, மன்னனாகி, சிவபக்தனாகவும் ஆனபின்னும் பழைய பகையின் சுவடு கருங்கற்படியாக நின்றுவிட்டதென்று சொன்ன அந்தக் கதையைப் போல மனித சுபாவத்தை நன்கறிந்த கதை வேறொன்றை நான் அறியேன்.

அப்படியானால் அன்பும் நமக்கு முந்தியது, பகையும் நமக்கு முந்தியது. நமக்கென்று என்ன இருக்கிறது? டார்வின் காட்டும் ஓர் உதாரணத்தில் இதற்கு விடை இருப்பதாக நான் கருதுகிறேன். தகைவிலான் குருவி, தன் குஞ்சுகளைப் பேணும் வேட்கையால் நாளெல்லாம் ஓயாது பறந்து இரை தேடுவது. ஆயினும் குளிர்காலம் நெருங்கி வலசை போகும் வேகம் உள்ளே மூண்டுவிட்டால், பறக்கவியலாத கடைசிக் குஞ்சுகளைக் கூட்டிலேயே கைவிட்டுத் தெற்கே போய்விடுகிறது. நெடும் பயணம் முடிந்து, வேகம் தணிந்தபின், வடதிசைக் குளிரில் பசித்து மடியும் குஞ்சுகளின் உருவம் அதன் மனத்தில் இடைவிடாது தோன்றுமானால், அத்தாய் எத்தகைய வேதனைக்கு ஆளாகும் என்று அவர் கேட்கிறார். அவ்வாறு தோன்றுவதும், தோன்றி அகலாதிருப்பதுமே மனச்சாட்சியின் பிறப்பிடம் என்பது அவர் கருத்து. கோம்பேயில் நடந்ததும் இதற்குச் சான்று. கொன்ற குரங்குகள் மறுநாள் பழம் தின்று, மரத்தடியில் படுத்து, வழக்கம்போல் வாழ்ந்தன; அக்காட்சிகள் நடு இரவில் அழையாமலே எழுந்து வந்து ஆண்டுக்கணக்கில் வருத்தியது, அவற்றைப் பற்றி எழுதிய குடால் அம்மையாரின் உள்ளத்தைத்தான்.

நொண்டியிடம் இதன் முளை இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் கண்முன் இல்லாத துன்பத்தையும், சென்றுபோன பிழையையும், தன் இனமல்லாத உயிரின் வேதனையையும் மனத்தில் நிறுத்தி அதற்குத் தன்னைப் பொறுப்பாளியாக்கிக் கொள்ளும் சக்தி மனிதனிடத்தே முதிர்ந்திருக்கிறது. ஞானிகள் பிராயச்சித்தம் என்றும் ஜீவகாருண்யம் என்றும் தர்மம் என்றும் சொன்னவை யாவும் அதன்மேல் நிற்பவை. குருவிக்கு மறக்கும் உரிமை உண்டு. இயற்கையே அதற்கு அதை அருளியிருக்கிறது. நமக்கு அவ்வுரிமை இல்லை.

இதை எழுதும்போது நம் கோயில் யானைகளை நினையாதிருக்க முடியவில்லை. காட்டில் பெண் யானை தன் தாய், தமக்கை, தங்கை, சிற்றன்னையரை விட்டு ஆயுள் முழுதும் பிரிவதில்லை. முதிர்ந்த பெண் யானையே கூட்டத்துக்கு வழிகாட்டி. மனிதச் செவிக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலிகளால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று 1984-இல் தொடங்கிய ஆராய்ச்சியில் கேட்டி பெய்ன் என்னும் அம்மையார் கண்டறிந்தார். அத்தகைய பிராணியை, அதுவும் பெரும்பாலும் பெண் யானையை, தன் இனத்தின் முகத்தையே காணாதபடி கல் தளத்தில் சங்கிலியிட்டு நிறுத்தி, அது தலையை இடைவிடாது அசைப்பதைக் கண்டு ஆடுகிறது என்று குழந்தைகளுக்குக் காட்டி மகிழ்கிறோம். அது தனிமையாலும் கட்டுண்டதாலும் விளைந்த மனநோயின் அடையாளமென்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். ஒரு பசுவின் நெஞ்சில் கை வைத்து அமர்ந்த மகானைக் கொண்டாடும் நாட்டில் இது நடைபெறுவது தகாது.

அறங்காவலர்களும் உபயதாரர்களும் இனி எந்தக் கோயிலுக்கும் புதிதாக யானை கொண்டுவருவதில்லை என்று உறுதி பூணட்டும். இருக்கும் யானைகளுக்கு மண் தரையும், குளிக்க நீரும், நடக்க வெளியும், தன் இனத்தில் ஒரு துணையும் அமைத்துக் கொடுக்கட்டும். வாசகர்களே, உங்கள் ஊர்க் கோயிலில் யானை இருந்தால், அடுத்த முறை அதன் துதிக்கையில் காசு வைக்குமுன், அதன் கால் சங்கிலி ஒரு நாளில் எத்தனை நாழிகை அவிழ்க்கப்படுகிறது என்று அலுவலகத்தில் சென்று கேளுங்கள். திருப்தியான விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.