நள்ளிரவில் எழும் அச்சம் குற்றமாகுமோ?

அச்சத்தை மனத்தின் குற்றம் என்பாரும், உடம்பின் தொழில் என்பாரும் உளர். பகலில் வரும் அச்சத்தைக் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் அரிது. அஞ்சுதற்குரிய பொருள் எதிரே நிற்றலின் ஆண்டு இரண்டும் கலந்தே தோன்றும். நித்திரையினின்றும் ஒருவனை எழுப்பும் அச்சமே இதனை நன்கு விளக்கும்.

அதனியல்பைச் சிறிது கூறுவாம். கவலையின்றி உறங்கினவன் சில மணி நேரத்துள் திடுக்கிட்டு விழிக்கின்றான். இருதயம் விரைந்தடிக்கின்றது, மூச்சுத் திணறுகின்றது, வியர்வை பெருகுகின்றது, உயிர் இப்பொழுதே போய்விடும் என்னும் எண்ணம் எழுகின்றது. இது தீக்கனவின் பயனன்று. இலேசான உறக்கம் ஆழ்ந்த உறக்கமாக மாறும் வேளையிலேயே இது பெரும்பாலும் தோன்றுமெனத் துயிலை ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். ஏறக்குறைய 10 நிமிடத்துள் உச்சமுற்றுப் பின் தணியும்.

அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினை அச்சத்துக்கு நிலைக்களமாகத் தொல்காப்பியர் வகுத்தனர். இவ்வச்சத்துக்கோ அந்நான்கனுள் ஒன்றுமில்லை. அஞ்சப்படுவது தன்னுடம்பே. இருதயத் துடிப்பை மரணக் குறியெனக் கொள்ளும் எண்ணம் அச்சத்தை வளர்க்க, அச்சம் துடிப்பை வளர்க்குமென 1986ஆம் ஆண்டில் டேவிட் கிளார்க் என்னும் உளநூலார் விளக்கினர்.

அங்ஙனமாயின் இதற்கஞ்சுவோன் கோழையோ? கி. பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம நூலாசிரியர் ஆலஸ் கெல்லியஸ் ஒரு செய்தி எழுதியுள்ளார். அவர் சென்ற கப்பல் புயலில் அகப்பட்டபோது, உடன்வந்த ஸ்தோயிக்க ஞானி ஒருவரும் முகம் வெளிறினார். காரணம் வினாவியபோது அவர் எபிக்தீதஸின் நூலை எடுத்துக் காட்டினார். திடீரென எழும் பேரொலியால் அறிஞனும் சிறிதுபொழுது கலங்குவான்; ஆயினும் அத்தோற்றத்துக்கு அவன் அறிவு இசைவதில்லை என்பதே அதன் கருத்து. நன்மையும் குற்றமும் இசைவின்கண்ணே உள்ளன. உறங்குவோனுக்கு இசையவும் மறுக்கவும் இயலாதாகலின், அவனிடத்து எழும் முதற்கலக்கம் குற்றமாதல் எங்ஙனம்?

எல்லாம் உடம்பின் செயலாயின் அவனுக்குக் கடமையே இல்லையோ எனின், உண்டு. அது விழித்தபின் தொடங்கும். எழுந்திருந்து, பாதங்களை நிலத்திலூன்றி, மூச்சை மெல்ல வாங்கி அதனினும் மெல்ல விடுக. அச்சத்தோடு போராடாது, "இது தணியும்" என அறிந்து காத்திருக்க. மாலைக்குப்பின் கோப்பியையும், எப்பொழுதும் மதுவையும் விலக்குக. இருதய நோய், கேடயச் சுரப்பி நோய், உறக்கத்தில் சுவாசம் தடைப்படும் நோய் ஆகியனவும் இங்ஙனம் தோன்றுமாதலின் வைத்தியரிடம் சோதித்தல் இன்றியமையாதது. நெஞ்சுநோவு நீங்காதாயின் உடனே வைத்தியசாலை செல்க. எண்ணத்தைத் திருத்தும் உளப்பயிற்சியாலும் மருந்தாலும் இந்நோய் பெரும்பாலும் தணியும். மருந்துண்ணல் துணிவின்மைக்கு அடையாளமாகாது.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிற் பங்கு பெரிது. விடுதி மாணவனொருவன் இதனைச் சொல்லும்போது, "கோழை" என நகுதலும், "பத்தியிருந்தால் பயமேது" எனக் கடிதலும், பேயின்மேல் ஏற்றுதலும் அவனுக்கு நாணத்தையும் கூட்டும். நாணியவன் மறைப்பான், மறைப்பவன் நித்திரைக்கே அஞ்சுவான். அவனிடத்து முதலச்சம் தானே வந்தது. இரண்டாமச்சம் நம் சொல்லால் வருவது. இசைவுடன் செய்யப்படுவதே குற்றமாயின், அக்குற்றம் யார்பாலதென்பதை ஆசிரியப் பெருமக்கள் சிந்திப்பார்களாக.