அனுபவம்: இல்லை

“இதையெல்லாம் எழுதினா, பாட்டிக்குச் செஞ்சதுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிராதா டீச்சர்?”

பாளையங்கோட்டையில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள். பி.காம். முடித்தவள், அம்மா பீடி சுற்றுகிறவர். வண்ணார்பேட்டையில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவுக்கு விண்ணப்பிக்க, பிரவுசிங் சென்டரில் அடித்து வாங்கிய ரெஸ்யூமைத் திருத்தித் தரும்படி கொண்டுவந்திருந்தாள். சவாலான பணியில் சேர்ந்து நிறுவனத்தோடு வளர விரும்புவதாக, அங்கே எல்லோருக்கும் போட்டுக்கொடுக்கிற அதே வாக்கியம் மேலே இருந்தது. பிறகு அப்பா பெயர், பிறந்த தேதி, தெரிந்த மொழிகள். நடுவில் ‘அனுபவம்: இல்லை’. அடியில், மேற்கண்ட யாவும் உண்மை என்ற உறுதிமொழி. இடம், தேதி, கையெழுத்து.

அந்தக் கையெழுத்துதான் என்னை உறுத்தியது. கல்லூரி முடிந்த கையோடு இரண்டு ஆண்டு அவள் பாட்டியின் கட்டிலருகே இருந்தவள். காலையும் இரவும் இன்சுலின் போட்டாள். சர்க்கரை அளவைத் தேதிவாரியாக நோட்டில் குறித்துவைத்தாள். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் எந்தச் சீட்டைக் காட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அம்மா வாங்கிவரும் இலை, தூள், கொண்டுபோய்க் கொடுத்த பீடி, அதில் கழித்துப் போட்டது எவ்வளவு, கைக்கு வந்த கூலி எவ்வளவு என்ற கணக்கைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே எழுதுகிறவளும் அவள்தான். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் (வி.பி.எஸ்.) பிள்ளைகளின் வருகைப் பதிவும் பலகாரச் செலவும் அவள் பொறுப்பு. ஒன்றுக்கும் சம்பளம் வரவில்லை. அதனால் எல்லாம் சேர்ந்து ‘இல்லை’ ஆகிவிட்டது.

ஆனாலும் அவள் கேள்வியை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்பது ஓய்வுநாள் பள்ளியில் அவள் கற்றது. கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அன்பினால் செய்ததை வேலைக்காக எடுத்துக் காட்டலாமா?

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைத் திரும்பவும் வாசித்தேன். தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் பற்றி ஆண்டவர் அங்கே பேசுகிறார். பிறர் காண வேண்டும் என்பதற்காகவே செய்கிறவர்களைக் கண்டிக்கிறார். இந்தப் பெண் இரவில் எழுந்து பாட்டியைப் புரட்டிப் படுக்கவைத்தபோது பார்க்க யாருமில்லை. பிறகொரு நாள், இந்த இரண்டு ஆண்டு என்ன செய்தாய் என்று ஒருவர் கேட்கும்போது உள்ளதைச் சொல்வது அதோடு சேராது. சொல்லாமல் விட்டாலோ, அந்தக் காலியிடத்தைப் பார்க்கிறவர் சும்மா இருந்தாள் என்றே எடுத்துக்கொள்வார். அது பொய். ஒன்பதாம் கட்டளை பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சியைத்தான் தடுக்கிறது, சரி. ஆனால் தன்னைப் பற்றிய பொய்ச்சாட்சி மட்டும் எப்படித் தாழ்மையாகும்? ‘இல்லை’ என்ற சொல் அவளோடு நிற்கவில்லை, அம்மாவின் பீடிக் கணக்கையும் ஒன்றுமில்லாததாக்கிவிட்டது.

பவுலிடம் இதற்கு வழி இருக்கிறது. கொரிந்து சபைக்குச் சிலர் பரிந்துரைக் கடிதங்களோடு வந்தார்கள். கூடாரம் செய்து பிழைத்தபடி அங்கே ஊழியம் செய்திருந்த பவுலிடம் அப்படிக் காகிதம் எதுவும் இல்லை. நீங்களே என் கடிதம் என்று அந்தச் சபையாருக்கு எழுதினார். அதே நிருபத்தில் பின்னால், இப்படிப் பேசுவதே புத்தியீனம் என்று கூசிக்கொண்டுதான் தன் பட்டியலைத் தொடங்குகிறார்: ஐந்து முறை ஒன்று குறைய நாற்பது அடி, மூன்று முறை கப்பற்சேதம், பசி, குளிர். எண்ணிக்கையோடு சொல்கிறார். அடுத்த அதிகாரத்தில், என்னிடம் காண்பதற்கும் கேட்பதற்கும் மேலாக யாரும் என்னை எண்ணிவிடக் கூடாது என்று நிறுத்திக்கொள்கிறார். பரதீசுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபோது கேட்டதை அவர் சொல்லவே இல்லை. ரெஸ்யூம் எழுத இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

அதன்படி உட்கார்ந்து எழுதினோம். சவாலான பணி வாக்கியம் போயிற்று. டேலி கணக்கு மென்பொருள் தெரியும் என்பது மேலே ஏறியது. ‘செய்த பணிகள்’ என்று தலைப்பிட்டு, ‘ஊதியமின்றி’ என்பதையும் மறைக்காமல் போட்டோம். முதியவர் ஒருவருக்கு இரண்டு ஆண்டு முழுநேரப் பராமரிப்பு. நாளுக்கு இரு வேளை இன்சுலின், சர்க்கரைப் பதிவு, மருத்துவமனைச் சீட்டுகளைக் கையாண்டது. வீட்டுத் தொழிலின் கூலிக் கணக்கு. வி.பி.எஸ். வருகைப் பதிவும் செலவுக் கணக்கும். அர்ப்பணிப்பு, தியாகம் என்ற சொற்களை நான் அடித்துவிட்டேன். பாட்டியின் பெயரும் புண்களும் கடைசி மாதங்களும் வேண்டாம் என்று அவளே சொன்னாள். அவை அவர்கள் இருவருக்கும் உரியவை.

தெரிந்தவர் கடையில் ஓராண்டு வேலை பார்த்ததாகப் பொய் எழுதிக்கொண்டுவரும் பையன்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம். சம்பளம் வந்தால்தான் அது வேலை என்று அவர்களை நம்பவைத்தது நாம்தானே. ரெஸ்யூம் வாசித்து ஆள் எடுக்கிற மேலாளர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ‘ஊதியமின்றி’ என்ற வரி வந்தால் தாண்டிப் போகாதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிய இரவில் என்ன செய்தாய், பீடிக் கணக்கு இடித்தால் எங்கே தேடுவாய் என்று கேளுங்கள். அவளால் பதில் சொல்ல முடியும்.