தெரேசம்மாளின் பாடசாலைக் கொப்பி



குழந்தை யேசுவின் புனித தெரேசம்மாளை நாம் எல்லோரும் அறிவோம். சிலுவையும் ரோசாப்பூக்களும் ஏந்திய அவருடைய சுரூபம் எத்தனையோ ஆலயங்களில் நிற்கிறது. அந்த ரோசாப்பூக்கள் அவருக்குக் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. பூவைக் கண்டதும், இவர் ஏதோ இனிய கனவில் வாழ்ந்த பிள்ளை என்று எண்ணி, மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு வந்துவிடுகிறோம். அவர் எழுதிவைத்த கொப்பிகளிலோ எரிச்சல் வரக்கூடிய, சிரிக்கத் தெரிந்த, தன் மனதைத் தானே கூர்ந்து பார்க்கிற ஓர் இளம்பெண்ணைக் காண்கிறோம். 1897ம் ஆண்டு சயரோகத்தால் இறந்தபோது அவருக்கு வயது 24.

பிரான்சு நாட்டில் லிசியே நகரக் கார்மேல் மடம். கன்னியர்கள் கூடி நின்று கைலேஞ்சிகள் தோய்க்கிறார்கள். எதிரே நிற்கும் சகோதரி துணியைத் தூக்கும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் தெரேசம்மாளின் முகத்தில் தெறிக்கிறது. பின்னுக்கு விலகி முகத்தைத் துடைத்து, அந்தச் சகோதரிக்கு விஷயத்தை உணர்த்துவோம் என்பதே முதலில் வந்த எண்ணம். நாமும் அதைத்தானே செய்வோம்? வாய் திறந்து ஏசாமல், துடைக்கிற விதத்திலேயே ஏசிவிடுவோம். அவர் துடைக்கவில்லை. வலிய வந்து கிடைப்பதை ஏன் தள்ளுவான் என்று நின்றுகொண்டார். கடைசியில் இந்தப் புதுமாதிரித் தீர்த்தத் தெளிப்பு தமக்குப் பிடித்தே போய்விட்டதாக வேடிக்கையாக எழுதுகிறார்.

மாலைத் தியானத்திலும் ஒரு சோதனை. இரண்டு சிப்பிகளை ஒன்றோடொன்று உரைப்பதுபோல ஒரு சிறு சத்தம், பின்னால் இருந்த சகோதரியிடமிருந்து ஓயாமல் வரும். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றுவிடும். தெரேசம்மாள் திரும்பவில்லை. ஆனால், தியானம் ஓடியதா? இல்லை. வியர்த்துக் கொட்டியது என்று ஒளிக்காமல் சொல்கிறார். கேளாமல் இருக்க முயன்று தோற்றபின், அதையே நல்லதொரு சங்கீதக் கச்சேரிபோலக் காதுகொடுத்துக் கேட்டு, அந்தக் கச்சேரியை யேசுவுக்கு ஒப்புக்கொடுப்பது என்று ஒரு வழி கண்டுபிடித்தார். சத்தம் நின்றதாக அவர் எங்கும் எழுதவில்லை.

தியான நேரத்தில் தாம் தூங்கிவிடுவதையும் எழுதியிருக்கிறார். இதற்காக மனம் நொந்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் தாய் தகப்பனுக்கு அது பிரியமான பிள்ளைதானே என்று யோசிக்கிறார். பணக்காரர் வீடுகளில் படிக்கட்டுக்குப் பதிலாக லிப்ட் வந்துவிட்டதை நினைத்து, புண்ணியத்தின் செங்குத்தான படிகளில் ஏறமுடியாத தமக்கும் ஒரு லிப்ட் இருக்கவேண்டுமே என்று தேடுகிறார். யேசுவின் கரங்களே அது என்று காண்கிறார். கைலேஞ்சி, சிப்பிச் சத்தம், தூக்கம், லிப்ட். இவற்றை எழுதியவரைத்தான் 1997ம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் திருச்சபையின் மறைவல்லுநராகப் பிரகடனம் செய்தார்.

உங்கள் வீட்டிலும் இருபது, இருபத்திரண்டு வயதில் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையிடம் நாம் கேட்பதற்குக் குறைவில்லை. சோதனை மறுமொழி வந்ததா, வேலை சரிவந்ததா, கலியாணத்துக்கு என்ன முடிவு, வெளிநாட்டு அலுவல் எந்த அளவில்? அதே பிள்ளை குசினி வாசலில் நின்று, "அம்மா, இண்டைக்கு பஸ்ஸிலை வரேக்கை ஒண்டு யோசிச்சன்" என்று தொடங்கினால், அரிசி களைந்துகொண்டே, "பிறகு சொல்லு, பிள்ளை" என்கிறோம். பத்திரிகைக்குப் பின்னால் இருக்கிற தகப்பன் அதுகூடச் சொல்வதில்லை. (பத்திரிகை ஆசிரியனே இதைச் சொல்வது விசித்திரந்தான்.)

பன்னிரண்டு வயதுப் பாலன் தேவாலயத்தில் சொன்ன மறுமொழி மரியாளுக்கும் சூசைக்கும் விளங்கவில்லை என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். மூன்று நாள் தேடி அலைந்த களைப்பும் கலக்கமும் வேறு. ஆனாலும் விளங்காத அந்தச் சொல்லைத் தாய் எறிந்துவிடவில்லை, மனதுக்குள்ளே வைத்துக்கொண்டார்.

தெரேசம்மாளின் கொப்பியும் தப்பியது மட்டுமட்டாகத்தான். மாரிகாலத்து மாலையொன்றில் அவர் தம் சிறுபிராயக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே மடத்தில் கன்னியராயிருந்த மூத்த அக்காள் மரி, இவற்றை எழுதச் சொன்னால் என்ன என்று, அப்போது மடத்துத் தாயாயிருந்த இளைய அக்காள் போலினிடம் கேட்டார். தெரேசம்மாள் பகிடி என்று சிரித்தார். ஆனால் போலின் கட்டளையே கொடுத்துவிட்டார். ஒரு வருடம், ஓய்வு கிடைத்த நேரங்களில், மலிவான பாடசாலைக் கொப்பியில் எழுதி, 1896 ஜனவரியில் அக்காளிடம் ஒப்படைத்தார். அக்காள் அதை வாங்கி வைத்துவிட்டுப் பல வாரங்கள் வாசிக்கவேயில்லை! தங்கை அதைப்பற்றி ஒன்றும் கேட்கவுமில்லை.

பிற்பாடு வாசித்தபோதுதான், மடத்து வாழ்க்கையைப்பற்றி அதிலே மிகக் கொஞ்சமே இருக்கிறது என்று போலின் கண்டார். 1897 ஜூனில், தங்கை சாகும் தறுவாயில் இருக்கையில், புதிய மடத்துத் தாயிடம் போய், இன்னும் எழுதும்படி சொல்லுங்கள் என்று மன்றாடினார். கைலேஞ்சியும் சிப்பிச் சத்தமும் லிப்டும் அப்போது எழுதியவை. பேனா பிடிக்கத் தெம்பில்லாமல் கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார்.

அதே கோடையில், சகோதரியொருவர் பேசுவது நோயாளியின் யன்னலுக்குள் கேட்டது. இந்தப் பிள்ளை செத்தபின் மடத்துத் தாய் அவளைப்பற்றி என்னத்தை எழுதப்போகிறா, சொல்லும்படியாக ஒன்றும் செய்யவில்லையே என்றார் அவர். அதே மடத்தில் இருந்து, அதே செபக்கூடத்தில் செபித்தவர்தான்.