பெயரை அழித்துவிட்டால் போதுமா?

செல்போன் பேசுவதற்கு மட்டும் உரிய கருவி என்றே நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது நம் சட்டைப் பையில் சும்மா கிடக்கும்போதும் அருகிலுள்ள டவரோடு தொடர்பு கொண்டபடியே இருக்கிறது. அப்படி இருந்தால்தான் அழைப்பு வந்து சேரும். ஆகவே எந்த நேரத்தில் எந்தப் பகுதியில் இருந்தோம் என்பது, நாம் சொல்லாமலேயே கம்பெனியின் ஏட்டில் பதிவாகிவிடுகிறது. இது போதாதென்று, நாம் இறக்கி வைத்துக்கொள்ளும் ஆப்கள் பலவும் எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்கிற அளவுக்கு நம் இருப்பிடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன.

இந்த விவரங்களை இப்போது நகர நிர்வாகங்களும் நாடுகின்றன. எந்தச் சாலையில் எந்நேரம் நெரிசல், எந்தப் பகுதிக்குப் புதிதாக பஸ் விட வேண்டும் என்பவற்றை ஆள் நிறுத்தி எண்ணுவதைக் காட்டிலும் இப்படி அறிவது எளிது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் வட்டார நிர்வாகம், செல்போன் இருப்பிட விவரங்களிலிருந்து மக்கள் நடமாட்டத்தைக் கணித்துத் தரும் ரெப்ளிகா என்னும் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. விவரங்களைப் பற்றியும் மக்களின் அந்தரங்கத்தைப் பற்றியும் இரு தரப்பும் ஒத்துவராமல் 2021இல் அது கைவிடப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போக்குவரத்துத் துறையோ வேறு வழியில் சென்றது. அங்கே நின்றபடி ஓட்டும் சிறு மின்சார ஸ்கூட்டர்களைச் செல்போன் வழியே வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒவ்வொரு வண்டியும் எங்கே புறப்பட்டது, எவ்வழியே சென்றது, எங்கே நின்றது என்ற விவரத்தைத் தந்தால்தான் உரிமம் என்று கம்பெனிகளுக்கு அத்துறை நிபந்தனை விதித்தது. ஆட்சேபித்தால் எங்கும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "இதில் யாருடைய பெயரும் இல்லை. பிறகு யாருக்கு என்ன நஷ்டம்?"

இந்த விடையை நம் ஷரீஅத் ஏற்குமா என்பதே இங்கு நாம் ஆராய வந்தது.

முதலில், பெயர் உண்மையிலேயே அழிகிறதா? 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 15 லட்சம் பேருடைய செல்போன் நடமாட்டத்தை 15 மாத காலத்துக்கு எடுத்து ஆராய்ந்தார்கள். பெயர் கிடையாது, மணிக்கு ஒரு முறை, எந்த டவரின் எல்லைக்குள் என்ற அளவே. அப்படியிருந்தும் ஒருவர் இருந்த நான்கு இடங்களும் நேரங்களும் தெரிந்தால் போதும், 100இல் 95 பேரை மற்ற எல்லாரிலிருந்தும் தனியே பிரித்தெடுக்க முடிந்தது. இதில் வியக்க ஒன்றுமில்லை. இரவெல்லாம் ஒரு போன் எந்த வீட்டில் கிடக்கிறது, பகலில் எந்தக் கடையில் இருக்கிறது, ஸுப்ஹுக்கு எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று மூன்றைச் சொன்னால் நம் மஹல்லாவின் மோதினாரே ஆளைச் சொல்லிவிடுவார்.

சரி, ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாதபடி செய்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது கூடுமா?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்துள் ஒருவர் துவாரம் வழியே எட்டிப் பார்த்த நிகழ்ச்சி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. நபியவர்கள் அப்போது தலை கோதும் சீப்பு ஒன்றைக் கையில் வைத்திருந்தார்கள். முன்பே தெரிந்திருந்தால் அதனாலேயே அவருடைய கண்ணைக் குத்தியிருப்பார்கள் என்ற அளவுக்குக் கடிந்து, வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கும் சட்டம் ஏற்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று விளக்கினார்கள். குற்றம் பார்வையில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாத வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பவன், "உள்ளே இருப்பவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியுமா?

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தில் அல்லாஹ் 'தஜஸ்ஸுஸ்' என்னும் துருவி ஆராய்தலைத் தடுக்கிறான். யாரைத் துருவக்கூடாது, எதைத் துருவக்கூடாது என்று அவ்விடத்தில் சொல்லவில்லை. செயப்படுபொருளைச் சொல்லாமல் விட்டால் விலக்கு பொதுவாகும் என்பதை மதரஸாவில் நஹ்வு ஓதியவர்கள் அறிவார்கள். பெயர் தெரிந்தவரையும் தெரியாதவரையும் அது சேர்த்தே காக்கிறது.

அதற்காக மக்களை எண்ணுவதே ஆகாது என்று நாம் சொல்ல வரவில்லை. இஸ்லாத்தை ஏற்றவர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்களே பணித்ததும், 1500 ஆண்கள் என்று எழுதிக் கொடுக்கப்பட்டதும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரீயின் ஹதீஸில் உள்ளது. நிர்வாகத்துக்கு எண்ணிக்கை வேண்டும். கடைத்தெரு முனையில் நின்று ஒரு மணி நேரத்தில் இத்தனை பேர் போனார்கள் என்று குறித்துக்கொள்பவன் யாருடைய திரையையும் கிழிக்கவில்லை. அவனே அவர்களில் ஒருவரின் பின்னால் நடந்து, வைத்தியர் வீட்டு வாசலையும் வட்டிக் கடை வாசலையும் கடந்து, அவர் வீட்டுத் திண்ணை வரை போய்க் குறித்தால் அது வேறு காரியம். பெயரை எழுதாமல் விட்டதால் அவன் பின்தொடரவில்லை என்று ஆகிவிடாது. லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது இந்த இரண்டாம் வகை என்றே நமக்குப் படுகிறது.

அந்நாளில் நகராட்சியின் வேலையைச் செய்தவர் முஹ்தஸிப். எடைக்கல், தராசு, தெருவை அடைத்துக் கட்டிய சுவர் எல்லாம் அவர் பொறுப்பு. இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் தம் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் வெளிப்படையாகத் தெரிவதில்தான் அவருக்கு அதிகாரம் என்றும், மறைவாக இருப்பதைத் துருவ உரிமையில்லை என்றும் எல்லை வகுக்கிறார்கள். ஓர் உயிர் பறிபோகும் என்று நம்பத்தக்கவர் வந்து சொன்னாலன்றி, என்று விலக்கும் தருகிறார்கள். வெள்ளத்தில் சிக்கியவரைப் போனைக் கொண்டு தேடுவது இந்த விலக்கில் அடங்கும். பஸ் தடம் வகுப்பது அடங்காது. ஆட்சியாளர் மக்களிடத்தில் சந்தேகத்தைத் தேடிப் புறப்பட்டால் அவர்களைக் கெடுத்துவிடுவார் என்ற கருத்துள்ள நபிமொழியும் அபூதாவூதில் உண்டு.

லாஸ் ஏஞ்சலஸ் விவகாரம் வழக்குமன்றம் சென்றது. வாடகைக்கு எடுத்தவர் தம் இருப்பிடத்தைக் கம்பெனிக்குத் தெரிந்தே கொடுத்துவிட்டார். ஆகவே அதை அந்தரங்கம் என்று எதிர்பார்க்க நியாயமில்லை என்று 2022இல் அங்குள்ள மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. நம் ஃபிக்ஹு வேறு வழியில் செல்கிறது. ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாலே அந்தப் பேச்சு அமானிதம் என்பது திர்மிதீ, அபூதாவூத் இரண்டிலும் உள்ள ஹதீஸின் கருத்து. "யாரிடமும் சொல்லாதே" என்று வாய்விட்டுக் கேட்கக்கூட வேண்டியதில்லை. வதீஆவாக வந்த பொருளை, உடையவரின் அனுமதியின்றி அந்நியரிடம் கொடுத்தவன் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்பதும் கிதாபுகளில் நாம் ஓதியதே. வண்டிக்காகக் கொடுத்தது வண்டியோடு முடிகிறது. "சம்மதம் என்று பொத்தானை அழுத்தினாரே" என்பார்கள். பல பக்கம் நீளும், யாரும் படிக்காத நிபந்தனைகளுக்குக் கீழே அழுத்திய அந்தச் சம்மதத்தை, அறியாப் பொருளின் விற்பனையையே செல்லாது என்று சொன்ன நம் ஃபுகஹாக்கள் என்னவென்று சொல்லியிருப்பார்கள்?

"தப்பு செய்யாதவனுக்கு ஏன் பயம்?" என்பது மற்றொரு கேள்வி. மறைப்பதெல்லாம் பாவம்தான் என்று யார் சொன்னது? இடக்கைக்குத் தெரியாமல் வலக்கை தருமம் செய்தவருக்கு அர்ஷின் நிழல் உண்டு. இரவில் ஓர் ஏழை விதவையின் வாசலில் அரிசி மூட்டையை வைத்துவிட்டு வருபவரின் போனும் அந்த வாசலைக் குறித்துத்தானே வைக்கும்? கடன் கேட்கப் போனவர், மகளின் சம்பந்தம் முறியாமல் காக்க நடுவரிடம் போனவர், இன்ன நோய்க்கென்று மருத்துவரிடம் போனவர் எல்லாருக்கும் மானம் இருக்கிறது.

பாவம் செய்தவருக்கும் இருக்கிறது என்பதையே நம்மவர்கள் மறக்கிறார்கள். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டில் சப்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்ததையும், உள்ளே இருந்தவர் தாம் செய்தது ஒரு பாவம், கலீஃபா செய்தது மூன்று என்று துருவியதையும் வாசல் வழி வராததையும் ஸலாம் கூறி அனுமதி கேளாததையும் எண்ணிக் காட்டியதையும், கலீஃபா அவரை விட்டுத் திரும்பியதையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்தெழுதுகிறார்கள். 2021இல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் பேரவையில் உயர் பொறுப்பிலிருந்த ஒரு பாதிரியார் பதவி விலகினார். விலைக்குக் கிடைக்கும், பெயர் நீக்கிய இருப்பிட விவரங்களைக் கொண்டு ஒரு செய்தி இதழ் அவருடைய போனைப் பின்தொடர்ந்திருந்தது. அவர் செய்தது சரியா என்பதல்ல நம் பேச்சு. அவர் வீட்டுச் சுவரேறியவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

நம் வீடுகளுக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் புரோ' ஆப்பிலிருந்து எக்ஸ்மோட் என்னும் கம்பெனி இருப்பிட விவரங்களைப் பெற்றதும், அக்கம்பெனியின் விவரங்கள் ஒப்பந்தக்காரர்கள் வழியே அமெரிக்க ராணுவத்துக்குச் சென்றதும் 2020 நவம்பரில் வெளியாயின. ஆப் நடத்துவோர் உடனே அந்தத் தொடர்பை முறித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்க வணிகக் கண்காணிப்பு ஆணையம், அக்கம்பெனி அந்தரங்கமான இடங்களின் விவரங்களை விற்கத் தடை விதித்தது. முஸல்லாவை விரிக்கும் திசையைக் கேட்கப் போய் இது நேர்ந்தது. ஓர் ஊரின் கிப்லா நாளுக்கு நாள் மாறுவதில்லை. ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். வக்து அட்டவணை பள்ளிச் சுவரில் தொங்குகிறது. வெளியூரில் இருந்தால் செட்டிங்கில் இருப்பிட அனுமதியை மூடிவிட்டு, ஊரின் பெயரைத் தட்டச்சு செய்து நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.