கம்ப்யூட்டர் நல்லாயிருக்கு... கடைதான் ஓடலை!

'நல்லாத்தானே சார் ஓடுது... அப்புறம் எதுக்கு மாத்தணும்?'

குருபரப்பள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனால், ஊருக்கே அக்கா என்பதால் எனக்கும் அக்கா!

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது குருபரப்பள்ளி. சுற்றிலும் மாந்தோப்பு. நடுவே சிப்காட். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்த பேச்சு. இப்போது ஷிஃப்ட் முடிந்து வரும் பையன்களின் இந்தியும் சேர்ந்துகொண்டது. அத்தனை பேருக்கும் ஏதாவது ஒரு நாள் அந்தக் கடையில் வேலை இருக்கும். வேலைக்கு பயோடேட்டா, தாலுகா ஆபீஸுக்கு மனு, ஆதார் நகல், விரல் ரேகை வைத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது... எல்லாம் 2014-ல் வாங்கிய இரண்டு கம்ப்யூட்டர்களில்.

அந்த இரண்டையும்தான் தூக்கிப் போடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் மெக்கானிக். அவரைக் குறை சொல்ல முடியாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. கேட்டுப் பெறுகிறவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட் இன்னும் ஓராண்டு. 'விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே' என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு சிப் வேண்டும். ப்ராசஸரும் பெரும்பாலும் 2017-க்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். அக்காவின் கம்ப்யூட்டர்கள் அந்தப் பரீட்சையில் ஃபெயில்!

யோசித்துப் பாருங்கள். மிக்ஸியில் மோட்டார் கருகினால் மிக்ஸி செத்துவிட்டது என்கிறோம். சரி. இங்கே எதுவும் கருகவில்லை. தேதி ஒன்று வந்தது, அவ்வளவுதான். பொருளுக்கு இரண்டு விதமான சாவு இருக்கிறது. ஒன்று, அதுவே ஓய்ந்துபோவது. இன்னொன்று, உலகம் அதோடு பேசுவதை நிறுத்திக்கொள்வது. இரண்டாவது சாவுக்கு நாள் குறிப்பது யார்? நிச்சயமாக குருபரப்பள்ளி அக்கா இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. நான் பல வருஷமாக லினக்ஸ் ஆசாமி. 'அக்கா, ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க. ரெண்டே ரெண்டு பார்ட் மாத்தினா போதும். நான் பாத்துக்கறேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பழைய கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் மூளை இல்லை. சுழலும் தட்டில் முள் நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடும் ஹார்டு டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டால் பாதி நோய் போய்விடும். மீதி நோய்க்கு ரேம். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை எகிறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அக்காவின் கம்ப்யூட்டர்களுக்குத் தேவை பழைய டி.டி.ஆர்.3 ரகம். பெங்களூரு எஸ்.பி. ரோடில் செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தது. 4 ஜி.பி. ரேம் 8 ஜி.பி. ஆனது. லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். இரண்டு கம்ப்யூட்டரிலும்!

ஆன் செய்தால் டீ ஆறுவதற்குள் வந்து நிற்காத கம்ப்யூட்டர், இப்போது டீயை வாயில் வைப்பதற்குள் வந்து நின்றது. 'புதுசு மாதிரி இருக்கு சார்' என்றார் அக்கா. 'லினக்ஸ்னா என்ன தெரியுமா?' என்று கேட்டேன். 'என் தம்பிக்கு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்ல பாஸ்னு ஒண்ணு வருமே, அதுவா?' என்றார். அதேதான்! 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' என்கிற இந்திய லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். எத்தனை வீட்டு அலமாரியில் அது தூங்குகிறதோ!

ஒரு கம்பெனியின் தேதியைத் தோற்கடித்துவிட்ட பெருமையோடு ஊர் திரும்பினேன்.

மூன்றாம் நாள் போன். 'சார்... கம்ப்யூட்டர் நல்லாயிருக்கு. கடைதான் ஓடலை!'

விரல் ரேகைக் கருவி வேலை செய்யவில்லை. அதைத் தயாரித்தவர்கள் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் மென்பொருள் கொடுத்திருக்கிறார்கள். அக்கா வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த மனு மாதிரிகளெல்லாம் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் இருந்தவை. திறந்தால் ஒரே ஆங்கிலக் குப்பை.

'நூறு நாள் வேலைக் காசு எடுக்க ஒரு பாட்டி வந்துச்சு சார். மெஷின் எடுக்கலைன்னு சொன்னேன். பஸ் ஏறி கிருஷ்ணகிரி போய் எடுத்துட்டு வந்துச்சு.'

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. ஆனால், போன அரை நாள்? வெயிலில் நின்ற கால்? லினக்ஸ் என்றால் என்ன என்றே தெரியாத பாட்டி, என் கொள்கைக்கு விலை கொடுத்திருக்கிறார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரையே அந்த ராத்திரியைப் பற்றியதுதான்.

சுதந்திர மென்பொருள் என்கிற எண்ணம் பிறந்ததற்குப் பின்னால் ஒரு பிரிண்டர் உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்தில் பேப்பர் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் லேசர் பிரிண்டர் ஒன்று. சிக்கினால் கம்ப்யூட்டர் வழியே தகவல் சொல்லும்படி மென்பொருளைத் திருத்த நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூல நிரலைக் கேட்டார். தர மறுத்துவிட்டார்கள். 1983-ல் அவர் அறிவித்த 'க்னூ' திட்டத்துக்கு அந்த மறுப்பும் ஒரு விதை. பேப்பர் சிக்கியது அவருக்குப் பெரிய பிரச்னை இல்லை. தன் முன்னால் இருக்கும் பொருளைச் சரிசெய்யும் உரிமை தனக்கு இல்லை என்பதுதான் பிரச்னை.

அந்த உரிமையைத்தான் நான் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்ததாக நினைத்தேன். உண்மையில் நடந்தது என்ன? நேற்று வரை எங்கோ இருக்கும் ஒரு கம்பெனி, அக்காவைக் கேட்காமல் அக்காவுக்காக முடிவெடுத்தது. பிறகு நான், அக்காவைக் கேட்காமல் அக்காவுக்காக முடிவெடுத்தேன். கம்பெனிக்கு லாபம் நோக்கம். எனக்கு லட்சியம் நோக்கம். பாட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்!

பழசைக் காப்பாற்றுவதே தர்மம் என்றும் சொல்லிவிட முடியாது. 1991-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியது 386 ப்ராசஸர் கொண்ட கம்ப்யூட்டரில். 2013-ல் வந்த 3.8 பதிப்பில் அந்த 386-க்கான ஆதரவையே லினக்ஸ் கைவிட்டது. பிறந்த வீட்டையே காலி செய்தாகிவிட்டது. ஆகவே, பழசா புதுசா என்பது கேள்வியே இல்லை. யார் முடிவு செய்கிறார்கள், தப்பானால் யார் தலையில் விடிகிறது என்பதுதான் கேள்வி.

எளிமையும் சிக்கனமும் அவரவர் தானாக ஏற்கும்போதுதான் ஒழுக்கம். அடுத்தவர் பிழைப்பின் மேல் அதை ஏற்றி வைத்தால் அதற்குப் பெயர் அதிகாரம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி குருபரப்பள்ளி போனேன். மன்னிப்புக் கேட்டேன். அக்கா சிரித்தார். 'ரேகை மெஷினை என் போன்லயே சொருகிட்டேன் சார். கடைக்கு வர்ற பையன் ஒருத்தன் சின்ன ஒயர் ஒண்ணு குடுத்தான்' என்றார். ஆண்ட்ராய்டு போன்! எனக்குத் தோன்றாதது அந்தப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது. அப்புறம் என்னிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினார். நான் 'இனி வேண்டாம்' என்று சொன்ன பழைய ஹார்டு டிஸ்க்குகள். 'எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சேன்.'

அதிலிருந்த மனுக்களை இருவரும் உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றினோம். சாயங்காலம் ஆகிவிட்டது. 'இது இப்படியே இருக்கட்டுமா, இல்லை பழையபடி ஆக்கிடட்டுமா?' என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அக்கா கொஞ்சம் யோசித்தார். 'ரெண்டும் இப்படியே இருக்கட்டும் சார். ஆனா, இனிமே ஏதாவது மாத்தினா சனிக்கிழமை ராத்திரி மாத்துங்க. திங்கட்கிழமை ஜனங்க வருவாங்க.'

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். மாற்றுவதற்கு முன்னால் எது மெதுவாக இருக்கிறது என்று பாருங்கள்; டிஸ்க்கும் ரேமும் போதுமாக இருக்கலாம். லினக்ஸ் போடுவதானால், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர், ஸ்கேனர், இன்னும் உங்களுக்குச் சோறு போடும் அத்தனை கருவிகளையும் சொருகிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

அது அடுத்தவர் கம்ப்யூட்டராக இருந்தால், ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. அவர் கடையில் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து பாருங்கள், யாரெல்லாம் வருகிறார்கள் என்று!