பாவமென்றால் சிறைதானா?



அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பாகத்தில் ஸ்நேக் என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் ஒரு கரையில் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஒண்டேரியோ என்னும் சிற்றூர். மறுகரையில் ஐடஹோ மாநிலம். ஆரிகன் கரையில் 21 வயது நிரம்பியவர் எவரும் கடைக்குச் சென்று, விலையும் வரியும் கொடுத்து, ஓர் அவுன்ஸ் கஞ்சாவைப் பகிரங்கமாய் வாங்கலாம். அவர்கள் அதை மாரிஹுவானா என்கிறார்கள். அந்தப் பொட்டலத்தோடு பாலத்தைக் கடந்தால் அதே மனிதர் குற்றவாளி. ஐடஹோ சட்டப்படி, மூன்று அவுன்ஸ் வரையில் வைத்திருப்பவருக்கு ஓராண்டு வரை சிறையும் 1,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். மூன்றுக்கு மேற்பட்டால் ஐந்தாண்டு வரை சிறை. போதாதென்று 2025-இல் ஒரு திருத்தம் செய்து, சிறு அளவுக்கும் 300 டாலருக்குக் குறையாத அபராதம் கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள்.

எங்கோ இருக்கும் ஆற்றைப்பற்றி நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் பங்கிலிருந்து படிக்கவும் வேலை பார்க்கவும் அந்நாட்டுக்குச் சென்றிருக்கும் பிள்ளைகள் பலர். அவர்களுடைய பெற்றோர் என்னிடம் இருவிதமாய்க் கேட்கிறார்கள். "சாமி, அங்கே சர்க்காரே அனுமதித்துவிட்டதாமே, இனி அதில் பாவமில்லையோ?" என்பது ஒன்று. "ஒரு சுருட்டு கஞ்சாவுக்காக ஒருவனை வருஷக்கணக்கில் அடைப்பது நியாயந்தானா?" என்பது மற்றொன்று. முந்தின கேள்விக்குப் பதில் சுருக்கம். பிந்தினதுதான் நம்மைச் சற்று உட்கார்ந்து யோசிக்க வைப்பது.

சட்டம் தண்டிக்காததெல்லாம் நல்லது என்று யாரும் எண்ணவேண்டாம். புறணி பேசினவனை எந்தப் போலீஸாரும் பிடிப்பதில்லை. பெற்ற தாயிடம் முகம் கொடுத்துப் பேசாத மகனுக்கு எந்த நீதிபதியும் அபராதம் போடுவதில்லை. அதனால் அவை நற்கிரியைகளாகிவிட்டனவா? சர்வேசுரன் மனிதனுக்குக் கொடுத்த மேலான வரம் புத்தி. வைத்தியத்துக்காக அன்றி, வெறும் இன்பத்துக்காக அதை மயக்கிப் போடுவது தவறு. அதிலும் வளரும் பருவத்துப் பிள்ளைகளின் மூளைக்கு இந்தப் புகை தீங்கு செய்கிறது என்பதை வைத்தியர்கள் வலியுறுத்துகிறார்கள். இப்போதைய சரக்கோ முன்னைவிட வீரியம் மிகுந்தது. நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. போதையைப் போதையால் வெல்ல முடியாது என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2014-இல் சொல்லி, இத்தகைய அனுமதிச் சட்டங்களை ஒப்பாமல் பேசினார். ஆற்றின் எந்தக் கரையில் நின்று புகைத்தாலும் அந்தச் செயலின் குணம் ஒன்றுதான்.

நிற்க. இப்போது இரண்டாம் கேள்விக்கு வருவோம். செயல் தவறு என்று ஒப்புக்கொண்டோம். ஆதலால் அதற்கு எவ்வளவு தண்டனை கொடுத்தாலும் தகுமா?

சர்க்கரை டப்பாவில் கை வைத்த சிறுவனை அதட்டும் தாய் இருக்கிறாள். இரண்டு அடி போடும் தாயும் இருக்கிறாள். கரண்டிக் காம்பைக் காய்ச்சிக் கையில் சூடு போடும் தாயும் முற்காலத்தில் இல்லாமற் போகவில்லை. மூன்று வீட்டிலும் பையன் செய்த தவறு ஒன்றே. மூன்றாம் வீட்டுத் தாயைக் கேட்டால், "அவன் திருடினது தப்பில்லையா?" என்பாள். தப்புத்தான், அம்மா. ஆனால் நாம் கேட்டது அதுவல்லவே! அவன் செய்தது தப்பா என்பது ஒரு கேள்வி. நீ செய்தது தப்பா என்பது வேறொரு கேள்வி. முன்னதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பின்னதிலிருந்து தப்பித்துக்கொள்ள முடியாது.

அமெரிக்கச் சட்டங்களின் சரித்திரத்தில் இந்த மூன்றாம் வீட்டுத் தாயை அடிக்கடி பார்க்கிறோம். 1937-இல் மத்திய அரசு மாரிஹுவானாவின் மேல் வரிச்சட்டம் என்ற பெயரில் ஒரு தடையைக் கொண்டுவந்தது. 1951-இல் வந்த சட்டம், முதற் குற்றத்துக்கே இரண்டாண்டுக்குக் குறையாத சிறை என்று நிர்ணயித்தது. மாநிலங்கள் பலவும் அதைப் பார்த்துத் தங்கள் சட்டங்களை முறுக்கிக்கொண்டன. டெக்ஸாஸ் மாநிலத்தில் 1973 வரையில், எவ்வளவு சிறிய அளவு வைத்திருந்தாலும், இரண்டாண்டு முதல் ஆயுள் வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது.  1973-இல் அதே மாநிலம், இரண்டு அவுன்ஸ் வரையில் அதிகபட்சம் 180 நாள் என்று குறைத்தது. அந்த வரம்பே இன்றும் இருக்கிறது. ஆயுள் எங்கே, ஆறு மாதம் எங்கே! இடையில் கஞ்சாச் செடி ஒன்றும் மாறிவிடவில்லை.

வர்ஜீனியா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1973-இல் ஒருவருடைய வீட்டைச் சோதனையிட்டு ஒன்பது அவுன்ஸ் கஞ்சாவைக் கைப்பற்றினார்கள். நம் கணக்கில் கால் கிலோவுக்குச் சற்று மேல். விற்றதற்கு 20 ஆண்டு, விற்கும் நோக்கத்தோடு வைத்திருந்ததற்கு 20 ஆண்டு, ஒன்றன்பின் ஒன்றாக 40 ஆண்டு சிறையென்று தீர்ப்பாயிற்று. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1982-இல் அம்மன்றம், சிறைத் தண்டனையின் நீளத்தை நிர்ணயிப்பது சட்டசபையின் வேலை என்று சொல்லி 40 ஆண்டையும் நிலைநிறுத்திவிட்டது. நீதிபதிகளில் ஒருவரான பவல், முந்தைய தீர்ப்பு தம்மைக் கட்டுப்படுத்துவதால் இணங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, இந்தத் தண்டனை குற்றத்தின் அளவுக்கு ஒவ்வாத அநீதி என்றும் எழுதி வைத்தார். அதே வர்ஜீனியாவில் 2021 ஜூலை முதல், வயது வந்த ஒருவர் ஓர் அவுன்ஸ் வரை வைத்திருப்பது குற்றமே அல்ல.

வேதபாரகரான அர்ச். அக்குயினாஸ் தோமாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே இந்த விஷயத்தை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். மனிதச் சட்டம் எல்லாத் துர்க்குணங்களையும் தடுக்க வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்கிறார். ஏனெனில் சட்டம் அர்ச்சியசிஷ்டவர்களுக்கு மட்டும் எழுதப்படுவதில்லை. புண்ணியத்தில் இன்னும் தேறாத பெருங்கூட்டத்துக்காக எழுதப்படுகிறது. பெரும்பாலோர் விலகி நிற்கக்கூடிய கனமான அக்கிரமங்களை, விசேஷமாய்ப் பிறருக்குத் தீங்கிழைக்கும் கொலை, களவு போன்றவற்றைச் சட்டம் தடுக்கட்டும். பலவீனர்மேல் தாங்கமுடியாத சுமையை ஏற்றினால் அவர்கள் அதைவிடக் கேடான தீமைகளில் விழுவார்கள் என்பது அவருடைய கருத்து. பாவத்தை வெறுப்பதில் அவருக்கு நம்மைவிடக் குறைவு ஒன்றுமில்லை. பாவத்தைத் திருத்தும் இடங்கள் பல உண்டு, அவற்றில் சிறைச்சாலை ஒன்று மட்டுமே என்று அவர் அறிந்திருந்தார்.

"தண்டனையைத் தளர்த்தினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களே" என்று சிலர் அஞ்சுவார்கள். இந்த அச்சத்தை நான் இலேசாய் எண்ணவில்லை. பிள்ளையைப் போதைக்குப் பறிகொடுத்த வீட்டின் துக்கம் அறிந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் தண்டனை அச்சத்தை உண்டாக்க வேண்டுமானால், அது எல்லார்மேலும் ஒரேவிதமாய் விழவேண்டும். அமெரிக்காவில் அவ்விதம் விழவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா புகைக்கிறார்கள். கைதாவதோ, கறுப்பர் மூன்றரை மடங்குக்கும் மேல் என்று அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இரண்டு பையன்கள் ஒரே திருட்டைச் செய்ய, ஒருவனுக்கு மட்டும் சூடு விழுகிறது. சூடு விழாதவன் பயப்படமாட்டான். விழுந்தவன் திருந்தமாட்டான், தாயை வெறுப்பான்.

மிஸிசிப்பி மாநிலத்து வழக்கொன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒருவன் இளவயதில் வீடு புகுந்து திருடியவன். பிற்பாடு, துப்பாக்கி வைத்திருக்கக்கூடாத நிலையில் வைத்திருந்ததற்கும் தண்டனை அடைந்தவன். பின்னர் அவனிடம் ஒன்றரை அவுன்ஸ் கஞ்சா இருந்ததாகத் தீர்ப்பாயிற்று. வழக்கமான குற்றவாளி என்னும் சட்டத்தின்படி, விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் சிறை. 2022-இல் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே 2022-இல் அதே மாநிலம் நோயாளிகளுக்குக் கஞ்சாவை மருந்தாக அனுமதித்தும் சட்டம் செய்தது. அவன் பழைய குற்றங்கள் அற்பமானவை என்று நான் சொல்லவில்லை. திருட்டுக் கொடுத்த வீட்டாருக்கு அது அற்பமாயிருந்திருக்காது. ஆனால் அவற்றுக்கு அவன் தண்டனை அனுபவித்தாயிற்று. தீர்த்த கடனை மறுபடி கணக்கில் ஏற்றி வட்டி வாங்குவது நியாயமா? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரும் குரு எவனும் இப்படிச் செய்யத் துணியமாட்டான்.

அப்படியானால் சட்டமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. பள்ளிச் சிறுவனுக்குப் போதை விற்பவன் தண்டனைக்குரியவன். மயங்கிய புத்தியோடு மோட்டார் ஓட்டி வழிப்போக்கரின் உயிரோடு விளையாடுகிறவனும் அப்படியே. 2012-இல் மக்கள் வாக்கெடுப்பால் முதன்முதலாகக் கஞ்சாவை அனுமதித்த கொலராடோவும் வாஷிங்டனும் இவ்விரண்டையும் இன்னும் குற்றமாகவே வைத்திருக்கின்றன. 2023 முடிவுக்குள் 24 மாநிலங்கள் அந்த வழியில் சென்றுவிட்டன. போகிறபோக்கில் ஒன்று சொல்லுகிறேன்: சிறையை ஒழித்ததற்காக அவர்களைப் பாராட்டலாம், தெருவுக்குத் தெரு கடை வைத்து விளம்பரம் செய்து ஆதாயம் தேடுவதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. சிறைக்கும் கடைக்கும் நடுவே வேறு வழியும் இருந்தது. ஆரிகன் மாநிலமே 1973-இல் அதைத்தான் செய்தது: ஓர் அவுன்ஸ் வரையில் சிறையில்லை, 100 டாலர் வரை அபராதம் மட்டும், கடையும் இல்லை. அதற்கு முந்தின ஆண்டு, நிக்ஸன் நியமித்த குழுவும் தன் சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்றுதான் யோசனை கூறியது. அதை நியமித்தவரே ஏற்கவில்லை.

இனி இன்னொரு சிக்கல். சட்டம் மாறிவிட்டது, பழைய சட்டத்தால் தண்டனை பெற்றவன் கதி என்ன? "சட்டம் சட்டமாயிருந்த காலத்தில் மீறினான், அனுபவிக்கட்டும்" என்று சொல்வதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. கீழ்ப்படியாமை ஒரு குற்றந்தான். ஆனால் கீழ்ப்படியாமைக்கு மட்டும் எத்தனை ஆண்டு தகும் என்று எடைபோட்டுப் பாருங்கள். இன்று அந்த மாநிலமே வரி வாங்கிக்கொண்டு விற்க விடுகிற பொருளுக்காக ஒருவனுடைய பெயரில் கறை நீங்காதிருந்தால், வேலை கேட்கும்போதும் வாடகைக்கு வீடு கேட்கும்போதும் அவன் மறுபடி மறுபடி தண்டிக்கப்படுகிறான். 2022 அக்டோபரில் ஜனாதிபதி பைடன் மத்திய சட்டத்தின்படி கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை பெற்றவர்களை மன்னித்தார். பெரும்பான்மை வழக்குகள் மாநிலச் சட்டங்களைச் சேர்ந்தவை. அவர் கை அங்கே எட்டாது. ஆகையால் கவர்னர்களையும் அவ்விதமே செய்யும்படி கேட்டுக்கொண்டார். மேரிலாண்ட் கவர்னர் 2024 ஜூனில் ஒரே உத்தரவில் 1,75,000-க்கும் மேற்பட்ட தீர்ப்புகளுக்கு மன்னிப்பு அளித்தார். அவற்றில் பெரும்பாலானவை சிறு அளவு வைத்திருந்ததற்கானவை. அந்த உத்தரவால் சிறையிலிருந்து வெளிவந்தவர் எவருமில்லை; வெளியிலிருந்தவர்களின் பெயர் துலங்கியது. எல்லா மாநிலமும் இப்படிச் செய்துவிடவில்லை.

அந்நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. எத்தனை மாநிலங்கள் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளே; அந்நியர் தங்குவதும் திரும்புவதும் மத்திய சட்டத்தின் கையில் இருக்கின்றன. குடியுரிமை பெறாத ஒருவர் போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை அடைந்தால் நாட்டைவிட்டு அகற்றப்படலாம். தன் சொந்த உபயோகத்துக்கென்று 30 கிராம் அல்லது அதற்குக் குறைவாக ஒரே ஒரு முறை பிடிபட்டவருக்கு மட்டும் அந்த விதியில் விலக்கு உண்டு. ஓர் அவுன்ஸ் என்பது 28 கிராம் சொச்சம். எவ்வளவு மெல்லிய கோடு பாருங்கள்! மாநிலக் கோர்ட்டில், "அபராதம் கட்டிவிட்டுப் போகலாம், குற்றத்தை ஒப்புக்கொள்" என்று யாராவது சொன்னால், வாய்திறக்குமுன் வக்கீலிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள். கென்டக்கி மாநிலத்தில் லாரியில் கஞ்சா ஏற்றிச் சென்றதாக ஒருவர்மேல் வழக்கு வந்தது. அவர் 40 ஆண்டுக்கு மேலாக அந்நாட்டில் வாழ்ந்தவர், அதன் படையிலும் சேவை செய்தவர். இவ்வளவு காலம் இருந்தவரை வெளியேற்றமாட்டார்கள் என்று வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வெளியேற்றும் நடவடிக்கை வந்து நின்றது. 2010-இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட ஆபத்தைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்று தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் பிள்ளை கேட்டால் வக்கீல் சொல்லியே ஆகவேண்டும். இந்த ஞாயிறு டெலிபோனில் பேசும்போது மறவாமல் இதைச் சொல்லி வையுங்கள்.